கேட்பவர் இல்லாத மின்சாரம்

400 கே.வி. என்றால் என்ன என்று எனக்கு உடம்பாலேயே தெரியும். மின்வாரியத்தில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை பெரும்பாலும் துணைமின் நிலையங்களில் ஷிப்ட் பார்த்தவன் நான். மழை தூறும் இரவில் 400 கே.வி. யார்டுக்குள் நடந்தால் தலைக்கு மேலே கம்பிகள் உறுமிக்கொண்டிருக்கும். கை மயிர் சிலிர்த்து நிற்கும். வெளிச்சம் படாத மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் கம்பி இணைப்புகளின் முனைகளில் ஊதா கலந்த ஒரு நீல ஒளி ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். கரோனா என்போம். கம்பியைச் சுற்றியுள்ள மின்புலம் அளவுக்கு மீறும்போது காற்றில் திரியும் எலக்ட்ரான்கள் வேகம் பிடித்து நைட்ரஜன் மூலக்கூறுகளில் மோதுகின்றன. வாங்கிய அடியை மூலக்கூறு ஒளியாகத் திருப்பிவிடுகிறது. பார்க்க அழகுதான். ஆனால் எங்கள் கணக்கில் அது இழப்பு. அதைக் குறைப்பதற்கென்றே முனைகளில் கரோனா வளையம் மாட்டுவோம்.

வியாழன் கோளின் துருவங்களில் எரியும் ஒளியைப் பற்றி ஓய்வுக்குப் பிறகு படிக்கத் தொடங்கியபோது அதே எண் என் எதிரே வந்து நின்றது.

வியாழனின் நான்கு பெரிய நிலவுகளில் அதற்கு மிக அருகில் சுற்றுவது அயோ. 1610 ஜனவரியில் கலீலியோ கண்டது. வியாழனிலிருந்து 4,22,000 கி.மீ. தொலைவில் ஒன்றே முக்கால் நாளுக்கு ஒரு சுற்று வருகிறது. வியாழனோ பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும். அதன் காந்தப்புலமும் கூடவே சுழலும். ஆகவே புலம் நிலவை முந்திக்கொண்டு போகிறது, விநாடிக்கு 57 கி.மீ. வேகத்தில். காந்தப்புலத்தைக் குறுக்காக வெட்டினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பது ஃபாரடே காலத்துப் பாடம். பழைய டைரி ஒன்றின் கடைசிப் பக்கத்தில் நானே போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 57,000 மீட்டர். அங்கே புலத்தின் வலிமை ஒரு டெஸ்லாவில் 5 லட்சத்தில் ஒரு பங்கு. அயோவின் குறுக்களவு 3,640 கி.மீ. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 4,15,000 வோல்ட். ஒரு நிலவின் இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் நடுவே 400 கே.வி.! ஓடும் மின்னோட்டம் 30 லட்சம் ஆம்பியர் அளவில். அப்படியென்றால் திறன் லட்சம் கோடி வாட்டுக்கு மேல். 2024 மே மாத வெயிலில் இந்தியா முழுவதும் சேர்ந்து எட்டிய உச்சத் தேவை 250 ஜிகாவாட். அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் ஒரு நிலவு ஓட்டிக்கொண்டிருக்கிறது.

அயோவை இப்படி ஒரு ஜெனரேட்டராகப் பார்க்கலாம் என்று 1969இல் பீட்டர் கோல்ட்ரைக், டொனால்ட் லிண்டன்-பெல் இருவரும் எழுதினார்கள். லைன் எது? வியாழனையும் நிலவையும் இணைத்து வளைந்து கிடக்கும் காந்தப்புலக் கோடுகள். லோடு எது? வியாழனின் துருவத்து மேல்வளி. கோடு வழியே வந்து விழும் எலக்ட்ரான்கள் அங்குள்ள ஹைட்ரஜனில் மோத, அது ஒளிர்கிறது. நிலவு நகர நகர அந்த ஒளிப்புள்ளியும் வியாழனின் மேல் நகர்ந்து வருகிறது. யூரோபாவுக்கும் கானிமீடுக்கும்கூட இப்படித் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. ஹபிள் தொலைநோக்கி அவற்றைப் படம் பிடித்திருக்கிறது. இவற்றைவிடப் பெரிதாக, பூமியையே உள்ளே வைத்துவிடக்கூடிய அகலத்தில், ஒரு முதன்மை வளையம் துருவத்தைச் சுற்றி எரிகிறது.

அந்த வளையத்துக்குச் சரக்கு போவதும் அயோவிலிருந்துதான். யூரோபாவும் கானிமீடும் தாளம் தவறாமல் இழுப்பதால் அயோவின் பாதை வட்டமாக முடியாமல் நீள்கிறது, வியாழனின் ஈர்ப்பு அதன் உடலை ஒவ்வொரு சுற்றிலும் பிசைகிறது, உள்ளே உருகுகிறது, எரிமலைகள் வெடிக்கின்றன. பீல் என்ற ஆய்வாளரும் அவருடைய இரு சகாக்களும் இதைக் கணக்கிலேயே கண்டு 1979 மார்ச் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். சில நாட்களுக்குள் வாயேஜர் 1 அங்கே போய் எரிமலைப் புகையைப் படமெடுத்து அனுப்பிவிட்டது. அந்த வெடிப்புகளால் விநாடிக்கு ஒரு டன் அளவில் கந்தகமும் ஆக்சிஜனும் வெளியே கசிந்து, மின்னூட்டம் பெற்று, வியாழனின் சுழலும் புலத்தில் சிக்கிக்கொள்கின்றன. அவ்வளவு பாரத்தையும் சேர்த்து இழுத்துச் சுழற்ற வேண்டிய புலம் திணறுகிறது. அந்தத் திணறலே மின்னோட்டமாகித் துருவத்தில் ஒளியாக இறங்குகிறது. பூமியின் துருவ ஒளிக்குச் சூரியக் காற்று முதல். வியாழனுக்குத் தன் சுழற்சியே பெருமுதல். சூரியன் ஏதும் அனுப்பாத நாளிலும் அங்கே வளையம் அணையாது.

இத்தனையும் படித்து முடித்தபோது எனக்குள் எழுந்தது இயற்பியல் கேள்வி அல்ல. இந்த ஒளி யாருக்காக?

பூமியின் துருவ ஒளிக்கு மனிதர்கள் உண்டு, கதைகள் உண்டு. பின்லாந்தில் ஒரு நரி பனிமேட்டில் வாலைத் தேய்த்து ஓடியதால் தெறித்த பொறி என்றார்கள். 2024 மே 10ஆம் தேதிச் சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லே வானில்கூடச் செம்மை படர்ந்து, அங்குள்ள ஆய்வகக் காமிராவில் பதிந்தது. வியாழனின் ஒளிக்கு அப்படி ஒரு கண்ணும் வாய்க்கவில்லை. அதன் பெரும்பகுதி நம் கண் அறியாத புற ஊதாவிலும் அகச்சிவப்பிலும் இருக்கிறது. இதழ்களில் நாம் பார்க்கும் நீல மகுடம், புற ஊதாப் பதிவுக்கு மனிதர்கள் பூசிய நிறம். கண்ணுக்குப் புலனாகும் பங்கு கொஞ்சம் உண்டு. கலீலியோ விண்கலம் இரவுப் பக்கத்தில் அதைப் பதிவு செய்தது. ஆனால் அதைப் பார்க்க அங்கே போய் நிற்க வேண்டும். நிற்கத் தரையும் இல்லை. நம்மில் யாரும் பிறப்பதற்கு முன்பிருந்தே, கோடானுகோடி ஆண்டுகளாக, அது எரிந்துகொண்டிருக்கிறது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் சைவ சித்தாந்த வகுப்பு நடக்கிறது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் பாடம் சொல்கிறார். உலகம் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்குச் சித்தாந்தத்தில் தயக்கமற்ற விடை உண்டு: உயிர்களின் பொருட்டு. இறைவனுக்கு உலகத்தால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆணவ இருளில் அநாதியாகக் கிடக்கும் உயிர் விழித்து, வினையை நுகர்ந்து கழித்துப் பக்குவப்படுவதற்காகத் தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கையும் மாயையிலிருந்து தோற்றுவித்துத் தருகிறான். இந்த இடம் வந்தபோது கை தூக்கினேன்.

"ஐயா, வியாழனோட துருவ ஒளி தனுவும் இல்ல, கரணமும் இல்ல. புவனம்னா அங்க குடியிருக்க உயிர் வேணும். போகம்னா நுகர ஆள் வேணும். அப்ப இது நாலுல எதுல சேரும்?"

வகுப்பு கொஞ்சம் சலசலத்தது. முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், "224 புவனம்னு சாத்திரத்துல சொல்லியிருக்கே. அங்கயும் உயிர் இருக்கும், நமக்குத் தெரியல" என்றார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர், "விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சு வியக்கணும்னுதான் இறைவன் வெச்சிருக்கான்" என்றார்.

இரண்டு விடையும் அன்பில் பிறந்தவை. இரண்டையும் ஏற்க என்னால் முடியவில்லை. 224 புவனம் என்பது தத்துவங்களின் அடுக்கில் வைத்து எண்ணிய கணக்கு. அதில் ஒன்றை எடுத்துத் தொலைநோக்கியில் தெரியும் கோளின் மேல் ஒட்டினால் சாத்திரமும் கெடும், வானியலும் கெடும். இரண்டாவது விடை எனக்கு அச்சம் தந்தது. 1979இல் ஒரு கலம் கடந்து போய்ப் பார்க்கட்டும் என்று அத்தனை கோடி ஆண்டு ஒரு விளக்கு எரிந்தது என்றால், பிரபஞ்சமே நம் வருகைக்குக் கட்டிய தோரணம் ஆகிவிடும். உயிரின் முதல் நோய் ஆணவம் என்று சொல்லும் ஒரு சமயம் இந்த விடையை வாசலுக்குள் விடக்கூடாது.

வேதாந்தம் படிக்கும் நண்பர் ஒருவர் வேறு வழி காட்டினார். காண்பான் இல்லையென்றால் காட்சியும் இல்லை, எல்லாம் தோற்றமே, கேள்வி எழ இடமில்லை என்றார். அவர் வழி அவருக்கு நிறைவு தருகிறது. எனக்கு முப்பது லட்சம் ஆம்பியரைத் தோற்றம் என்று சொல்ல வாய் வரவில்லை. மின்சாரம் உள்ளது என்பதை நம்பி மட்டுமே பிழைத்த கூட்டம் நாங்கள். லைன் க்ளியர் வாங்காமல், எர்த் போடாமல் கம்பியைத் தொட்டவர் யாரும் அதைத் தோற்றம் என்று சொல்லித் திரும்பி வந்ததில்லை. சித்தாந்தம் என்னை ஈர்த்த காரணங்களில் ஒன்று அது உலகை உள்பொருள் என்று ஒப்புக்கொள்வது. யாரும் பாராவிட்டாலும் அந்தச் சுற்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த மாத வகுப்பில் ஆசிரியர் நேராக என் கேள்விக்கு வந்தார். சிவஞான போதத்தின் பதினோராம் சூத்திரத்தை எடுத்தார். கண் தானாகப் பார்ப்பதில்லை. உயிர் கூட நின்று காட்டத்தான் கண் காண்கிறது. அப்படிக் காட்டும்போது உயிரும் அதைக் காண்கிறது. உயிருக்கும் அதே நிலைதான்: இறைவன் உடனிருந்து காட்டுகிறான், காட்டும்போதே தானும் காண்கிறான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இரண்டாகச் சொல்வார்கள்.

"நீங்க யாரும் பார்க்காத ஒளின்னு சொல்றீங்க. நம்ம நெறியில அப்படி ஒண்ணு கிடையாது. முதல்ல அவன் அறிவுல படாம எதுவும் இல்ல" என்றார்.

அது என்னைத் தொட்டது. வீடு திரும்பும் பேருந்து முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் கேள்வி பாதிதான் அடங்கியது. இறைவன் காண்கிறான், சரி. தனக்காகக் காண்பதில்லையே? அவனுக்கு வேண்டுவது ஒன்றுமில்லை என்பதுதானே நம் முதல் பாடம்? அவன் காண்பதே உயிருக்குக் காட்டுவதற்காக என்றால், காட்டப்படும் உயிர் எங்கே?

இந்த இடத்தில் எனக்குக் கை கொடுத்தது வானொலி. வியாழனிலிருந்து வந்த செய்தியை மனிதர்கள் முதலில் கேட்டது 1955இல். அமெரிக்காவின் மேரிலாந்தில் வயல்வெளி ஒன்றில் கம்பி கம்பியாக ஆன்டெனா கட்டி, பெர்னார்ட் பர்க்கும் கென்னத் ஃபிராங்க்ளினும் 22.2 மெகாஹெர்ட்ஸில் வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தாளில் அவ்வப்போது ஓர் இரைச்சல் விழுந்தது. அக்கம்பக்கத்து வண்டியின் இக்னிஷனாக இருக்கலாம் என்ற எண்ணம் அவர்களுக்கும் வந்தது. எங்களுக்கும் அது பழகிய சந்தேகம்தான்: எங்காவது இரைச்சல் என்றால் முதலில் வெடிப்பு விட்ட இன்சுலேட்டரைத் தேடுவோம். ஆனால் அந்த இரைச்சல் நாள்தோறும் சுமார் நான்கு நிமிடம் முன்னதாக வந்தது. விண்மீன்கள்தான் அப்படி உதிக்கும். தேடிப் போனபோது வியாழன் அகப்பட்டது. 1964இல் பிக் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோ இன்ன இடத்தில் நிற்கும்போதுதான் அந்த ஓசை வலுக்கிறது என்று காட்டினார். துருவத்தில் ஒளியை எழுப்பும் அதே எலக்ட்ரான் கூட்டத்தின் குரல் அது.

அந்த அலைகளின் நீளம் பதின்மூன்று மீட்டர் அளவு. இரவில் அயனி மண்டலம் மெலியும்போது தடையின்றித் தரைக்கு வந்துவிடும். இதை அறிந்தபோது எழுந்து கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது. 1955இல் அவை புதிதாகக் கிளம்பி வரவில்லை. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான போதம் தந்த மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் இருந்தபோதும், வியாழன் வானில் ஏறிய இரவுகளில் அவை அந்த ஊர்க் கூரைகளின் மேல், குளத்தின் மேல், உறங்கும் மாடுகளின் மேல், விழித்திருந்த அவர் மேல் விழுந்துகொண்டுதான் இருந்தன. யாரிடமும் அதைப் பிடிக்கும் கருவி இல்லை.

நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பில், மின்கம்பிகள் தொலைவாக இருக்கும் மூலையில், ஏழு மீட்டர் செம்புக்கம்பியில் ஒரு டைபோல் கட்டி, பழைய சிற்றலை வாங்கி ஒன்றை 20 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பி நானும் கேட்டிருக்கிறேன். எதுவும் வராமல் திரும்பிய இரவுகள் பல. ஓர் இரவு, அயோ கணக்குப்படி சரியான இடத்துக்கு வந்த பொழுதில், கரையில் அலை ஏறி இறங்குவதுபோல் ஓர் இரைச்சல் வந்து, வளர்ந்து, தேய்ந்தது. தோப்புக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். "இது எப்பவும் இங்க விழுந்துக்கிட்டு இருக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் அவர் கேட்கவில்லை. வாங்கியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

கருவி இல்லாத உயிர் ஒன்றையும் அறியாமல் கிடக்கும் நிலையைக் கேவலம் என்று சித்தாந்தம் சொல்கிறது. அந்த இருளின் கொடுமையை உமாபதி சிவம் 14ஆம் நூற்றாண்டில் திருவருட்பயனில் விளக்குகிறார். வெளியே உள்ள இருட்டு பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையாவது காட்டிவிடும். ஆணவமோ பொருளையும் மறைத்து, தான் மறைப்பதையும் மறைக்கும். வியாழனைப் பொறுத்தவரை மனித குலம் அப்படித்தான் இருந்தது. தன்மேல் ஒன்று விழுவதும் தெரியாது, தெரியவில்லை என்பதும் தெரியாது.

இப்போது கருவிகள் உண்டு. அவை வந்த பிறகு நடந்ததும் என்னைப் பணிய வைக்கிறது. 2016 ஜூலையில் ஜூனோ விண்கலம் வியாழனை அடைந்து, துருவங்களுக்கு மேலாகவே பறக்கும் பாதையில் சுற்றத் தொடங்கியது. துருவ ஒளிக்கு மேலே 4 லட்சம் வோல்ட் வரைக்கும் மின்னழுத்தம் இருப்பதை அது அளந்தது. மீண்டும் அதே 400 கே.வி.! பூமியில் காணும் உச்சத்தைவிட 10 முதல் 30 மடங்கு. பூமியில் மிகப் பிரகாசமான துருவ ஒளியை உண்டாக்குவது இத்தகைய ஒழுங்கான மின்னழுத்தம்தான். வியாழனிலும் அப்படியே இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் பாரி மாக் தலைமையிலான குழு 2017இல் எழுதியது வேறு: ஒளி மிகப் பிரகாசமாக எரியும் இடங்களில் எலக்ட்ரான்களை முடுக்குவது பெரும்பாலும் ஒழுங்கற்ற கொந்தளிப்பு. 2023 டிசம்பர் 25 அன்று வெப் தொலைநோக்கி அகச்சிவப்பிலும் ஹபிள் புற ஊதாவிலும் ஒரே நேரத்தில் வியாழனைப் பார்த்தன. வெப் கண்ட மிகப் பிரகாசமான ஒளிக்கு ஹபிளின் படத்தில் இணை இல்லை. ஒரே ஒளியை இரண்டு கண் பார்க்கிறது, இரண்டும் ஒத்துவரவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. கானிமீடுக்குத் தனக்கென்றே காந்தப்புலம் உண்டு, தன் மேலேயே இரண்டு துருவ ஒளி வளையங்களும் உண்டு. வியாழனின் புலம் சுழலும்போது அந்த வளையங்கள் 6 டிகிரி ஆட வேண்டும் என்பது கணக்கு. ஹபிளில் பார்த்தால் 2 டிகிரிதான் ஆடுகின்றன. உள்ளே உப்பு நீர்க்கடல் ஒன்று இருந்து, அதில் தூண்டப்படும் மின்னோட்டம் ஆட்டத்தை அடக்குகிறது என்று யோவாகிம் சவுர் தலைமையிலான ஜெர்மானியக் குழு 2015இல் விளக்கியது. தடித்த பனிக்கட்டி ஓட்டுக்கு அடியில் உள்ள தண்ணீரை, மேலே எரியும் ஒளியின் அசைவு சொல்லிக் கொடுத்திருக்கிறது. யாருக்காக என்று நான் கேட்ட ஒளி இப்படி ஒரு கடலைத் தன் அசைவில் வைத்திருந்தது. காட்டும் உபகாரம் என்று ஆசிரியர் சொன்னதன் எடை அன்று எனக்குக் கூடியது.

இவ்வளவையும் என் மகளிடம் சொன்னேன். அவள் இயற்பியல் ஆசிரியை. கோயிலுக்கு வருவாள், சாத்திரம் பேசமாட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்பா, யாருக்காகன்னு கேக்கறதே உங்க வேலைப் பழக்கம். லோடு இல்லாம யாரும் லைன் இழுக்க மாட்டாங்கன்னு நினைக்கறீங்க" என்றாள்.

அந்தச் சொல் என்னைப் பல நாள் விடவில்லை. மின்சாரத்தை அப்படியே பெரிய அளவில் சேர்த்து வைக்க எங்கள் தொழிலில் எளிய வழி கிடையாது. எவ்வளவு கேட்கிறார்களோ அவ்வளவுதான் அந்த விநாடியில் உற்பத்தி செய்ய வேண்டும். கூடினால் அதிர்வெண் ஏறும், குறைந்தால் இறங்கும். 50 ஹெர்ட்ஸைச் சுற்றி அந்த முள்ளை நிறுத்துவதே எங்கள் தவம். கேட்பவர் இல்லாத மின்சாரத்தை ஓட்டுவது எங்கள் உலகத்தில் குற்றம். கரோனாவை இழப்பு என்று எழுதுவதும் அதனால்தான்: அந்த ஆற்றலுக்கு எங்கோ ஒரு வீடு காத்திருந்தது. "உயிர்களின் பொருட்டு" என்று சாத்திரத்தில் படித்தபோது நான் என்னை அறியாமல் இந்தக் கணக்கையே இறைவனிடம் எதிர்பார்த்திருக்கிறேன். இத்தனை உயிர், இவ்வளவு தேவை, அதற்குச் சரியாக இவ்வளவு உலகம் என்று.

அருள் அப்படி அளந்து வருவதாக எந்த அடியாரும் சொல்லக் கேட்டதில்லை. உலகம் உயிர்களுக்காக என்பது உண்மை என்றே நான் கொள்கிறேன். அதற்காக அதன் ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு நுகர்வோர் எண் இருக்க வேண்டியதில்லை. கேட்டதற்கு மேல், கேட்கத் தெரியாதவனுக்கும், கேட்பவன் பிறக்கும் முன்பும் கொடுப்பதுதான் அன்பின் நடை. வியாழனின் ஒளி நமக்காகக் காத்திருந்தது என்று சொல்லமாட்டேன். அது யாருக்கும் காத்திருக்கவில்லை. நாம் வரவில்லை என்பதால் குறையவும் இல்லை. தேவைக்கு ஒப்பிட்டுப் பார்த்தால் அது வீண். ஆனால் தேவையே அதற்கு முதல் இல்லை என்றால் வீண் என்று சொல்ல நாம் யார்?

இதை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் எளிதில் விடுபவர் அல்லர். இறைவன் உலகைப் படைப்பதை விளையாட்டு என்பார் உண்டு, ஆனால் அருணந்தி சிவம் சிவஞான சித்தியாரில் அதை அப்படியே நிறுத்தவில்லை, உயிரை உய்விக்கும் அருளாகவே கொண்டுபோய்ச் சேர்க்கிறார் என்று நினைவூட்டினார். "நீங்க சொல்றது விளையாட்டுப் பக்கம் சாயுது. வாங்குறவன் இல்லாத கொடைய எப்படிக் கொடைன்னு சொல்றது?"

வாங்குகிறவன் பின்னால் வரலாம், வானொலி அலைபோல என்றேன்.

"அது வியாழனுக்குச் சரி. நமக்கு எட்டுச்சு. எட்டவே போறதில்லாத இடத்துக்கு?"

நான் நெப்டியூனைச் சொன்னேன். 1989இல் வாயேஜர் 2 அதைக் கடந்தது. துருவ ஒளியின் சாயலை மட்டும் உணர்ந்தது. அதன்பின் பூமியிலிருந்து எத்தனை முயன்றும் பிடிபடவில்லை. 2023இல் வெப் எடுத்த பதிவிலிருந்துதான் அது உறுதியாகி, 2025இல் வெளியானது. இடையில் நெப்டியூனின் மேல்வளி நூற்றுக்கணக்கான டிகிரி குளிர்ந்துபோனதால் ஒளி மங்கி, மறைந்தே இருந்திருக்கிறது. அதன் காந்த அச்சு 47 டிகிரி சாய்ந்திருப்பதால் ஒளியும் துருவத்தில் இல்லாமல் நடு அட்சரேகைகளில் எரிகிறது.

"அதுவும் எட்டிடுச்சு" என்றார் ஆசிரியர். "நான் கேக்கறது வேற. வேற விண்மீனைச் சுத்துற கோள்கள். அங்கயும் இந்த விதிதானே ஓடும்? அதுல பெரும்பாலானத எந்த உயிரும் எந்தக் கருவியாலயும் பார்க்கப் போறதில்ல. அதுக்கும் இதே விடைதானா?"

ஆமாம் என்றுதான் சொன்னேன். சொன்ன வேகத்தில் உறுதி இருந்தது, காரணம் போதவில்லை. அவருக்கும் அது தெரிந்தது. வரும் வகுப்பில் சித்தியாரின் முதல் சூத்திரப் பகுதியை மறுபடி தொடக்கத்திலிருந்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நெப்டியூன் செய்தியைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார். பாதி எழுதியாயிற்று. சாய்ந்த அச்சைக் கரும்பலகையில் எப்படி வரைந்து காட்டுவது என்று மகளிடம் கேட்டிருக்கிறேன்.